கயிறும் சாவியும்

டிசம்பர் 4

காலையில் மூன்று தடவை கயிற்றை இழுத்தேன். நான்காவது தடவை தோளுக்குள் ஏதோ நழுவியது. பனிவண்டி கிளம்பவில்லை. நான் வேலை பார்க்கும் நூலகப் பேருந்துக்கு நடந்தே போனேன். ஓட்டுநர் பத்து நிமிஷம் காத்திருந்தார். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை, நல்ல மனிதர்.

அக்டோபரில் பட்டியில் பனிக் கலைமான்களை எது யாருடையது என்று பிரிக்கும்போது என் சுருக்குக் கயிறு ஒரு பெரிய கிடாவின் கொம்பில் விழுந்தது. கயிற்றை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. வலது தோள் மூட்டு கழன்றது அப்படித்தான். மார்ச் வரை எதையும் இழுக்கக் கூடாது என்று பிசியோ சொல்லியிருக்கிறாள். எங்கள் வண்டியோ கயிற்றை இழுத்தால்தான் எழும்.

டிசம்பர் 7

பெரியப்பா வீட்டில் காபி. மந்தையை ஒன்றாக மேய்க்கும் எங்கள் குடும்பக் கூட்டுக்கு நீலாஸ் பெரியப்பாதான் தலைவர். குளிர்காலக் காவல் முறையை இன்று எழுதினார். ஒவ்வொரு குடும்பமும் ஒரு வாரம் மந்தையோடு குடிலில் இருக்க வேண்டும். எங்கள் வாரம் ஜனவரி 12. அப்பாவின் முட்டிகள் போன பிறகு அந்த வாரம் என்னுடையது.

மிஹ்கல் அண்ணன், பெரியப்பாவின் மகன், கலைமான் இறைச்சியைச் சீவிக்கொண்டே சொன்னான்: “தங்கச்சி, உன் வாரத்தையும் நானே பாத்துக்கறேன். நீ பஸ்ல உக்காந்து கதைப் புஸ்தகம் குடு.”

எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. அதுதான் உறுத்தியது.

“தனியாப் போறவங்க வண்டியைத் தானே கிளப்பணும், ரிஸ்தேன். அங்கே போனும் எடுக்காது, ஆளும் இல்ல. உன்னால முடியலன்னா சொல்லிடு. தப்பில்ல.”

தப்பில்லைதான். ஆனால் ஆற்றுக்கு மேலே இருக்கும் குடும்பம் ஒரே ஒரு குளிர்காலம் முறையை விட்டுக்கொடுத்தது. இப்போது அவர்கள் மான்கள் வேறொருவர் மந்தையில் மேய்கின்றன, அவற்றைப் பற்றிய செய்தியே அவர்களுக்குப் போனில்தான் வருகிறது. எந்தப் பக்கம் நகர்த்துவது, எப்போது பிரிப்பது என்று பேசும்போது அவர்களை யாரும் கேட்பதில்லை. முறை போனால் சொல்லும் போய்விடும்.

“நான் போறேன் பெரியப்பா” என்றேன்.

டிசம்பர் 8

எப்படிப் போவேன்?

டிசம்பர் 13

இடது கையால் இழுக்கப் பழகினேன். பதினொரு தடவையில் ஒரு தடவை கிளம்பியது. மைனஸ் பன்னிரண்டில்! மைனஸ் நாற்பதில் கயிறே கம்பி மாதிரி விறைத்துக்கொள்ளும்.

ஆல்தா நகரத்தில் ஒருவர் செல்ஃப் ஸ்டார்ட் வண்டி விற்கிறார். நான்கு வருஷப் பழசு. சாவியைத் திருப்பினால் போதும். ஆனால் அதில் கயிறே கிடையாது, சாவி மட்டும்தான். பேட்டரி செத்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அப்புறம் அதன் எடை — எங்கள் வண்டியைவிட ஒரு ஆள் கனம் கூடுதல். தோளுக்காக வாங்குகிறேன் என்கிறேன், ஆழப் பனியில் புதைந்தால் தூக்குவது எந்தத் தோள்? சாவி கொடுப்பதை எடை பிடுங்கிக்கொள்ளும்.

அப்பாவிடம் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

“கயிறு ஏமாத்தாதும்மா. வரலன்னா வரலன்னு அப்பவே கைக்குத் தெரியும். பேட்டரி அப்படியா? ராத்திரி நல்லாத்தான் இருக்கும், காலைல பாத்தா சவம்.”

“என் தோளும் அப்படித்தாம்ப்பா இருக்கு.”

அப்பா பைனாகுலரை எடுத்து ஜன்னல் வழியாக யார் வீட்டுப் புகையையோ பார்க்க ஆரம்பித்தார்.

புத்தகங்களில் மனிதர்கள் ஒரு முடிவை எடுத்ததும் மனம் லேசாகிவிடுகிறது. எனக்கு அப்படி ஆவதில்லை. இரண்டிலும் குறை இருக்கிறது, எந்தக் குறையோடு என்னால் வாழ முடியும் என்பதுதான் கேள்வி. தோளை மார்ச்சுக்கு முன்னால் நான் சரிசெய்ய முடியாது. பேட்டரியைப் பார்த்துக்கொள்ள முடியும்.

டிசம்பர் 19

வாங்கிவிட்டேன்.

டிசம்பர் 29

மைனஸ் முப்பத்தாறு. சோதித்துப் பார்க்க நேற்று வேண்டுமென்றே வண்டியை வெளியிலேயே விட்டேன். காலையில் சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டிக்’. அவ்வளவுதான்.

அப்பா கைத்தடியோடு படியிறங்கி வந்தார், அதைச் சொல்வதற்கென்றே.

“என்னம்மா, கும்புட்டுப் பாரேன். சாமி வந்தாலும் வரும்.”

அழுகை வந்தது. அழவில்லை. பேட்டரியைக் கழற்றினேன். வெறும் விரலில் திருகாணி ஒட்டிக்கொண்டது, கொஞ்சம் தோலைக் கொடுத்துத்தான் விரலை மீட்டேன். பேட்டரியை உள்ளே கொண்டுபோய் அடுப்புப் பக்கத்தில் வைத்தேன், இரண்டு மணி நேரம். மறுபடி மாட்டினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

இனி இதுதான் வழக்கம். சாயங்காலம் கழற்று, காலையில் மாட்டு. பகலில் வெளியே சதி செய்தால்? அதற்கு உள்ளங்கை அளவு ஒரு அவசர பேட்டரி வாங்கியிருக்கிறேன். உள்சட்டைக்குள் வயிற்றோடு கட்டிக்கொள்ள வேண்டும். என் சூடு அதற்கு, அதன் உயிர் எனக்கு.

இன்று பன்னிரண்டு தடவை கழற்றி மாட்டினேன். கடைசித் தடவை நான்கு நிமிஷம். அப்பா ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார், பைனாகுலர் இல்லாமல்.

ஜனவரி 12

குடில். மிஹ்கல் அண்ணன் காவலை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான்.

“எல்லாம் அமைதியா இருக்கு, சாவிக்காரி. பேட்டரிக்குத் தாலாட்டுப் பாட மறந்துடாதே.”

“பாடுவேன். நீ கயித்துக்கு எண்ணெய் போடு.”

அவன் வண்டி ஏழாவது இழுப்பில்தான் கிளம்பியது. நான் எண்ணவில்லை என்று சொன்னால் பொய்.

ஜனவரி 14

மைனஸ் முப்பத்தொன்பது. பேட்டரி என் தூக்கப் பைக்குள் தூங்கியது. காலையில் கிளம்பியது.

ஒரு விசித்திரம். மந்தையைச் சுற்றி வரும்போது நான் அடிக்கடி எஞ்சினை அணைக்கிறேன். நேற்று இருபது தடவைக்கு மேல். திட்டமிட்டுச் செய்யவில்லை. அணைத்தால் மறுபடி கிளப்ப வேண்டுமே என்ற பயம் கையில் இல்லை, அதனால் கை தானாகச் சாவிக்குப் போகிறது. கயிற்று வண்டியில் வந்த வருஷங்களில் நாள் முழுக்க எஞ்சின் உறுமிக்கொண்டேதான் இருக்கும். எல்லாரும் அப்படித்தான். இந்தக் குளிரில் யார் அணைப்பார்கள்?

அணைத்ததும் முதலில் ஒன்றும் கேட்பதில்லை. காதில் எஞ்சின் மிச்சமிருக்கும். அது வடிய ஒரு நிமிஷம் ஆகும். பிறகு குளம்பு பனியைத் தோண்டும் ஓசை, பிர்ச் மரக் கிளை குளிரில் வெடிப்பது, தூரத்தில் மானின் கழுத்துமணி. மந்தை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே தெரிகிறது.

ஜனவரி 15

காற்று. தடங்கள் எல்லாம் மூடிவிட்டன. குடிலிலேயே இருந்தேன். படிக்கக் கொண்டுவந்த புத்தகத்தில் ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தேன்.

ஜனவரி 16

குடிலுக்குத் திரும்பியதும் எழுதுகிறேன்.

காலையில் மேற்கு விளிம்பில் நின்று எஞ்சினை அணைத்தேன். மணி கேட்டது, ஆனால் தப்பான திசையிலிருந்து. முகட்டுக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் எங்கள் மான்கள் இருக்கக் கூடாது. அதற்கப்பால் ஆறு, ஆற்றைத் தாண்டினால் பக்கத்துக் கூட்டின் மேய்ச்சல். மந்தைகள் கலந்துவிட்டால் பட்டி கட்டி எல்லாவற்றையும் உள்ளே அடைத்துப் பிரிக்க வேண்டும். சினையாக இருக்கும் மான்கள் இந்தப் பசியில் அதைத் தாங்காது. அதுவும் என் வாரத்தில் — ஐயோ, என் வாரத்திலா!

முகட்டில் ஏறினேன். ஒரு பெரிய கும்பல் ஆற்றை நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. எத்தனை என்று இங்கேகூட எழுதமாட்டேன், மானை எண்ணிச் சொல்வது எங்களுக்கு ஆகாது.

முன்னால் போய் மறிக்கச் சுற்றி வந்தபோது பிர்ச் ஓடையில் வண்டி புதைந்தது. எடை! வாங்குமுன் நான் பயந்தது சரிதான். இடது கையால் மண்வாரியைப் பிடித்துத் தோண்டினேன், முக்கால் மணி நேரம். கிளைகளை வெட்டி வண்டியின் சங்கிலிப் பட்டைக்கு அடியில் போட்டேன். சாவியைத் திருப்பினால் — ‘டிக்’.

அந்த ஒரு நொடியில் அண்ணன் முகம்தான் கண்ணில் வந்தது.

சட்டைக்குள் கைவிட்டு அவசர பேட்டரியை எடுத்தேன். வயிற்றுச் சூடு அப்படியே இருந்தது. பிடித்துக்கொண்டது!

ஆற்றுக்கு இந்தப் பக்கமே மறித்துவிட்டேன். இந்த மாதத்தில் மத்தியானம் கொஞ்ச நேரம் மட்டும் வரும் நீல வெளிச்சம் போவதற்குள் எல்லாம் திரும்பி முகட்டைத் தாண்டிவிட்டன.

ஒன்று பாக்கி. திரும்பும்போது ஓடைக்குள், காற்று படாத இடத்தில் பழைய தடம் பார்த்தேன். புழுக்கை கல்லாகி, மேலே இரண்டு அடுக்கு உறைபனி. ஐந்து ஆறு நாளாகவே சில மான்கள் அந்தப் பக்கம் போய்வந்திருக்கின்றன. அதாவது அண்ணனின் வாரத்திலிருந்து.

ஜனவரி 19

அடுத்த வாரக் காவல்காரரோடு அண்ணனும் வந்தான். ஓடையைக் காட்டினேன். அண்ணன் குனிந்து புழுக்கையைத் தட்டிப் பார்த்தான்.

“நான் அந்த முகட்டுல தினம் ரெண்டு மணி நேரம் நின்னேன், ரிஸ்தேன். ஒண்ணுமே கேக்கலயே.”

“எஞ்சின் ஓடிட்டிருந்ததா அண்ணா?”

நிமிர்ந்து கையுறையை மாட்டிக்கொண்டான். “மைனஸ் முப்பத்தெட்டு. எவன் அணைப்பான்?”

பெரியப்பாவிடம் சொல்வதா? வழியெல்லாம் யோசித்தேன். சொன்னால் என் வாரம் நிலைக்கும், அவன் தலை குனியும். சொல்லாமல் நிலைக்கிற அளவுக்கு என் வாரத்துக்கு வலு இருக்கிறதா என்று பார்ப்போம்.

ஜனவரி 25

பெரியப்பா வீட்டில் காபி. நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணனே சொல்லிவிட்டான், கோப்பையைப் பார்த்துக்கொண்டு, எல்லார் முன்னாலும். “மானுங்க அந்தப் பக்கம் கிளம்பினது என் வாரத்துல. எனக்குக் கேக்கல. இவளுக்குக் கேட்டுச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா காவல் முறை எழுதிய தாளை எடுத்தார். பிப்ரவரியில் காலியாக இருந்த ஒரு வாரத்துக்கு எதிரே என் பெயரை எழுதினார். பிறகு, “அந்த வண்டி கனம்தான் இல்ல?” என்றார்.

“ரொம்பக் கனம் பெரியப்பா.”

“தெரியும்” என்று சொல்லி எனக்குக் காபி ஊற்றினார்.

மார்ச் 11

பிசியோ விடுதலை கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பழைய வண்டியின் கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் எழுந்தது. அப்பா ஜன்னலைத் திறந்து கத்தினார்: “பாத்தியா! இப்போ அந்தக் குண்டு வண்டியை வித்துடு!”

எஞ்சினை அணைத்துவிட்டு, “என்னப்பா சொன்னீங்க, கேக்கல” என்றேன்.

மலைக்குச் சாவி வண்டியில்தான் போனேன்.

ஏப்ரல் 20

கடற்கரையிலுள்ள கோடை மேய்ச்சலுக்கு மந்தை நகர்வு, மூன்றாம் நாள். மூடுபனி, பத்தடிக்கு மேல் தெரியவில்லை. முன்னால் போன மான்கள் ஏரிக்கு எந்தப் பக்கம் திரும்பின என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பா நின்று கையைத் தூக்கினார்.

“அணைங்க.”

ஆறு வண்டிகளும் ஒவ்வொன்றாக அடங்கின. அண்ணன் மட்டும் ஒரு நொடி தயங்கினான், பிறகு அவனும் அணைத்தான். எல்லாரும் நின்றோம். ஒரு நிமிஷம் போயிற்று.

“எந்தப் பக்கம் ரிஸ்தேன்?” என்றார் பெரியப்பா, தணிந்த குரலில்.

இடது பக்கம் கை காட்டினேன்.

தலையசைத்தார். பின்னால் கயிறுகள் ஒவ்வொன்றாக இழுபட ஆரம்பித்தன, யாரோ மெதுவாகத் திட்டினார்கள். எல்லா வண்டியும் கிளம்பும்வரை நான் சாவியில் கை வைத்தபடி காத்திருந்தேன்.