ஞாயிற்றுக்கிழமை நாடகம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

சிங்கப்பூர் பழைய விலாசத்துக்குத்தான் இதையும் எழுதறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். ரிங்லெட்டில் ஒரு வாரமா மழை.

நம்ம எஸ்டேட் நாடகக் குழு கோலாலம்பூர் ரேடியோவில் ஒரு நாடகம் பேசிப் பதிவு பண்ணிட்டு வந்தோம். எனக்குப் பொண்டாட்டி வேஷம். தூரத்து வேலைக்குப் போன புருஷன் திரும்பி வர்றான். நான் கதவைத் திறந்து, "வந்துட்டீங்களா? உள்ள வாங்க, நனைஞ்சுட்டீங்களே"ன்னு சொல்லணும். சந்தோஷம் போதலன்னு திரும்பத் திரும்பப் பேச வச்சாங்க.

போன ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டாங்க. நானும் பாப்பாவும் சத்தமா வச்சுக் கேட்டோம். முடியறதுக்குள்ள பக்கத்து வீட்டு சந்திரமதி அக்கா பால் ஊத்தின தேத்தண்ணியோட வாசலில் வந்து நிக்கிறாங்க. லயத்துல வரிசையா ஒட்டின வீடுங்க, நடுச்சுவர் வெறும் பலகைதானே, நான் புருஷனைக் கூப்பிட்டது அந்தப் பக்கம் கேட்டிருக்கு. நாடகம் அன்னிக்குன்னு அவங்களுக்கு ஞாபகம் இல்ல.

"தம்பி எங்க லா?"ன்னு உங்களைத் தேடி உள்ள எட்டிப் பார்த்தாங்க.

நான் ரேடியோவைக் காட்டினேன். அக்கா டம்ளரை மேசையில் வச்சுட்டுப் போயிட்டாங்க.

ஆறிப்போகுமேன்னு நானே குடிச்சேன். சீனி உங்களுக்குப் போடற அளவு போட்டிருந்தாங்க.

அதே வீட்டிலிருந்து,
பாப்பாவின் அம்மா