வளையத்துக்குள் போகாத ஸ்டிக்

மச்சான்,

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து, உன் ஹாக்கி ஸ்டிக்கைக் கதவோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையில் இன்னும் அதே வாசம்: சைக்கிள் டியூப் ரப்பரும் நல்லெண்ணெயும். சோப்பு போட்டும் போகவில்லை. களைப்பாக இருக்கிறது.

உனக்கு ஸ்டிக் என்றால் மல்பெரி மரம்தான். நல்லெண்ணெய் பூசி வெயிலில் வைப்பாய். அடிக்கும்போது அதிர்வு கைக்கு ஏறாமல் இருக்கப் பிடியில் டியூபைக் கீறிச் சுற்றி, மேலே துணி டேப். வருஷா வருஷம் பழைய டேப்பின் மேலேயே புது டேப். பிரிக்கச் சொன்னால், "பழச எடுத்தா கை பழகின இடம் போயிரும்டா" என்பாய். அந்த ஸ்டிக்கால் நீ அடித்த பந்து கேரி தீவில் கோல் வலையைக் கிழித்து, செம்பனைத் தோட்டத்துக்குள் பறந்து, ஒரு குலையையே அறுத்துப் போட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

இன்று உன் நினைவாகக் கிள்ளானில் பழைய ஆட்டக்காரர்களின் ஆட்டம். உன் மனைவி ஸ்டிக்கைத் தந்து, "உங்களத் தவிர இத யாருண்ணே பிடிப்பா?" என்றார். இதை வைத்தே மூன்று கோல் போடுவேன் என்று நானும் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஆட்டத்துக்கு முன் நடுவர் ஸ்டிக்கின் தடிமன் பார்க்கும் வளையத்தை எடுத்தார். இளவட்டம். ஸ்டிக் முழுதும் அதற்குள் நுழைந்து வந்தால்தான் ஆடலாம். உன் பிடியில் வளையம் சிக்கிக்கொண்டது.

"அங்கிள், போகலலா. டேப்ப பிரிச்சிட்டா ஓகே."

"தம்பி, இதத் தொட்டுப் பாக்க ஜெர்மன் டீமே வரிசையில நின்னுச்சு!"

"அவங்க பாத்திருக்கலாம் அங்கிள். ரிங்கு பாக்கலையே."

எல்லாரும் சிரித்தார்கள். யாரோ ஒரு கார்பன் ஸ்டிக்கை நீட்டினார்கள். கருவாடு போல எடையே இல்லை. இன்னொருவர் பிளேடு தந்தார்.

டேப்பின் ஓரத்தைத் தூக்கினேன். பிடியில் உன் விரல்கள் அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது. என் விரல்களை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை, உன் கை பெரிசு.

ஓரத்தை அமுக்கி ஒட்டினேன்.

"முட்டி வலிக்குதுடா. நீங்க ஆடுங்க."

"மூணு கோலு என்னாச்சு மாமா?" வேடிக்கை பார்க்க வந்த ஒரு பையன் கேட்டான்.

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

"உன் கதையில நீ மட்டும்தான்டா வளர்ற" என்று கிண்டல் செய்வாய். இன்று கொஞ்சம் குறைந்தேன், மச்சான். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. கிள்ளானிலிருந்து ரயிலில் இடமிருந்தும் நின்றுகொண்டேதான் வந்தேன், ஸ்டிக்கை உன் விரல் பள்ளத்திலேயே பிடித்துக்கொண்டு.