எந்தக் காரிலும் பெடல் சரியில்லை

12 ஆகஸ்டு, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பத்து மணிக்கு விட்டது. மோட்டர் சைக்கிளில் பாலம் தாண்டி ஜுரு. கார்க்கடைகள் வரிசையாக இருக்கும் இடம். வழியில் மறுபடி தூறல். நனைந்த சட்டையோடு கடை ஏர்கோன் குளிர். தும்மல்.

மருமகனுக்கு ஜோகூருக்கு மாற்றல். மகள் கவிதாவுக்குப் பாயான் பாரு ஃபேக்டரியில் காலை ஷிப்டு, ஆறு மணிக்கே கிளம்பவேண்டும். அடுத்த மாதத்திலிருந்து பேத்தி யாழினியைப் பாலர் பள்ளியில் கொண்டுபோய் விடுவது என் வேலை. மோட்டரில் கூடவே கூடாது என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். பழைய காரை விற்று மூன்று வருஷம் ஆகிறது. சின்ன ஓட்டோ கியர் கார் ஒன்று போதும்.

முதல் கார், வெள்ளை. விற்கிற மலாய்க்காரத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். ஓட்டிப் பார்த்ததில்:
– சீட் நல்ல உயரம்
– பின்சீட்டில் குட்டிக்கு இடம் தாராளம்
– பிரேக் மோசம். மிதித்த மாதிரியே இல்லை, ஆனால் கார் குத்தி நின்றது. தம்பியின் தலை முன்னால் போய் வந்தது. "பெலான்-பெலான், பக்சிக்" என்றார். மெதுவாகவாம், அங்கிள்.

வேண்டாம்.

வீட்டில் மனைவி லெட்சுமி: "எப்படிங்க இருந்துச்சு காடி?"

"பிரேக்கு சரியில்ல."

"புதுக் காடியிலயா?"

குளிக்கப் போய்விட்டேன்.

13, புதன்

மின்சார பில். மாத்திரை முடியப்போகிறது, வாங்கணும்.

டவுனிலேயே ஒரு கடை. சிவப்புக் கார். சீனப் பெண், நல்ல பேச்சு. வேகத்துக்கு மிதிக்கும் எண்ணெய் பெடலும் பிரேக்கும் ரொம்பக் கிட்டக்கிட்ட. கால் எதில் இருக்கிறது என்று குனிந்து பார்க்கவேண்டியிருந்தது. ஓட்டிக்கொண்டே இரண்டு முறை. ஏதாவது விழுந்துவிட்டதா என்று மலாயில் கேட்டாள். பேனா என்றேன்.

இங்கே எழுதினால் யார் பார்க்கப்போகிறார்கள். வலது கால். பெருவிரலில் ஆரம்பித்தது, இப்போது பாதம் முழுக்க மரத்துப்போய்விட்டது. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, பதினாறு வருஷம். கிளினிக்கில் கேட்கும்போதெல்லாம் "ஓக்கே டாக்டர்" என்று வந்துவிடுகிறேன். மோட்டரில் கையிலும் பிரேக் இருக்கிறது, சமாளிக்கலாம்.

முப்பது வருஷம் ஃபேக்டரியில் மெஷின் பார்த்தவன். கோளாறு மெஷினிலா, ஓட்டுகிறவனிடமா என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். இரண்டு காரிலும் ஒரே கோளாறு என்றால் என்ன அர்த்தம்? தெரியும். ஜுருவில் இன்னும் ஒரு கடை பாக்கி.

15, வெள்ளி

சரியான வெயில். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

கவிதா ஃபோன். குட்டி பிடுங்கிக்கொண்டாள். "தாத்தா காடி என்ன கலரு?"

"நீ சொல்லு."

"மஞ்ச!"

மஞ்சள் இருக்கிறதா, கேட்கணும். பிறகு கவிதா: "அப்பா இருக்கீங்கன்னுதான் நான் தைரியமா இருக்கேன்."

நாற்காலியில் உட்கார்ந்து தரையில் இரண்டு பிஸ்கட் டின் வைத்தேன். இடது டின் பிரேக், வலது டின் எண்ணெய். கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை மிதித்தேன். ஏழு சரி. லெ. சமையல்கட்டிலிருந்து வந்து நின்றாள். "பிஸ்கட்ட தின்னு தீத்துட்டு அப்புறம் மிதிங்களேன்." சிரித்து வைத்தேன்.

பத்துக்கு மூன்று தப்பு. அந்த மூன்றிலும் பின்சீட்டில் குட்டி இருப்பாள். பயமாக இருக்கிறது.

16, சனி

ஜுரு. மஞ்சள் இருந்தது! விற்கிறவள் பிரேமா, முப்பது வயது இருக்கும், நம்ம ஆள். "வாங்க அங்கிள், பசியாறிட்டீங்களா?" கோப்பி கொடுத்தாள்.

நன்றாகத்தான் போனது. நாலு திருப்பம், ஒரு மேடு. "சூப்பரா ஓட்டுறீங்க லா, அங்கிள்" என்றாள். நாமாகத்தான் பயந்துகொண்டிருந்தோம் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது சிவப்பு விளக்கு. முன்னால் மோட்டரில் ஓர் அம்மா, பின்னால் டியூஷன் பையோடு ஒரு பிள்ளை. பிரேக்கை மிதித்தேன். கார் பாய்ந்தது. இன்னும் மிதித்தேன். பிரேமா கியரைத் தட்டிவிட்டுக் கைபிரேக்கை இழுத்தாள். நின்றது. ஒரு முழம் இருந்திருக்கும். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெடல் சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "அங்கிள், உங்க சிலிப்பரு."

வலது கால் சிலிப்பர் கழன்று சீட்டுக்கடியில் கிடந்தது. எந்தத் திருப்பத்தில் கழன்றது? வெறுங்காலோடு ஓட்டியிருக்கிறேன். அது கூடத் தெரியவில்லை.

இடம் மாறி அவள் ஓட்டி வந்தாள். கடை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல், "எங்கப்பாவுக்கும் இனிப்பு நீருல கால் இப்படித்தான் மரத்துப்போச்சு. இந்தக் காடிய உங்களுக்கு நான் விக்க மாட்டேன் அங்கிள். கோவிச்சுக்காதீங்க."

"அதச் சொல்ல நீ யாரும்மா?" கத்திவிட்டேன். சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள்.

மோட்டரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். லெ.யிடம் பஞ்சர் என்றேன்.

17, ஞாயிறு

மேகமூட்டம். இடியப்பம். இறங்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கவிதாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சிலிப்பர் உட்பட.

"ஏம்பா மொதல்லயே சொல்லல?"

"நீ வேலைய விட்டுருவியோன்னுதான்."

"குட்டிக்கு வேன் பாத்துக்கலாம்பா. கால் என்னாவுறது?"

கார், குட்டி, மானம் என்று அலைந்தேனே தவிர, இந்தக் காலைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

லெ. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நன்றாகத் திட்டு விழும் என்று பார்த்தேன். தரையில் உட்கார்ந்து என் வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தடவ ஆரம்பித்தாள். "நாளைக்குக் கிளினிக், ஏழு மணிக்கே நம்பர் எடுக்கணும், நானும் உள்ள வருவேன், நீங்க வாயத் தெறக்காதீங்க, நான் பேசிக்கிறேன்." ம், ம் என்று டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பேச்சு நின்றது. தடவி முடித்துவிட்டாள் என்று எழுந்திருக்கப் பார்த்தேன்.

"எங்க போறீங்க?"

குனிந்து பார்த்தால், இரண்டு கையாலும் பாதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.