புருஷன் இருக்கிறாரா என்று கேட்டார்கள்

8 மார்ச் 2022, செவ்வாய்
அவசர உதவிப் பணம் இரண்டாவது தடவையும் இல்லையாம். லாக்டவுனில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையை மூடினதிலிருந்து வீட்டு வாடகை பாக்கி. வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்கிறார். உதவி தருகிற அரசாங்க ஆபீஸோ, புருஷன் சம்பளம் இருக்கிறதே என்கிறது. எந்தப் புருஷன்? கமலநாதன் கிள்ளானில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்திப் பத்து வருஷமாகிறது.
கவுண்டரில் அந்த மலாய்ப் பெண் கேட்டாள், புருஷன் இருக்கிறாரா என்று. கழுத்துல தாலியப் போட்டுக்கிட்டு எப்படி இல்லன்னு சொல்றது? வாயில வருமா அது? இருக்காருன்னுட்டேன்.

21 மார்ச், திங்கள்
காசு வாங்காமல் கேஸ் எடுக்கும் லாயர் ராஜினியைப் பார்த்தேன். மகள் வயசு.
"ஆபீஸ் மேல கேஸ் போடலாம் ஆன்டி. ஆனா அவர் உங்களோட இல்லன்னு சத்தியம் பண்ணி சைன் வைக்கணும்."
"வேலைக்கு வெளியூர் போயிருக்காருன்னு எழுத முடியாதாம்மா?"
"பத்து வருஷமாவா ஆன்டி?"
சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். வெளியே வந்து படிக்கட்டில் நின்று அழுதேன்.

25 மார்ச்
வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

28 மார்ச்
போட்டேன். தாயே, நீ பார்த்துக்கோ.

14 நவம்பர், திங்கள்
கோர்ட். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அரசாங்க லாயர், ராஜினி, நீதிபதி, மூன்று பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்த எனக்கு 'ஹஸ்பண்ட்' மட்டும்தான் புரிந்தது. அவரைப் பற்றி இவ்வளவு நேரம் யாரும் என் முன்னால் பேசினதே இல்லை. எந்திரிச்சு, நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்னு கத்தணும் போல இருந்துச்சு. முருகா முருகான்னு சொல்லிக்கிட்டு இருந்துட்டேன்.

9 டிசம்பர்
ஜெயித்தாச்சு! சரியாக விசாரிக்காமல் மறுத்தது செல்லாதாம், ஆபீஸ் மறுபடி பார்க்க வேண்டுமாம். ராஜினி போன் பண்ணினாள். யாரிடம் சொல்வது? சாமியிடம் சொன்னேன். அப்புறம் கீழ்மாடி உஷாராணியிடம். எல்லாத்தையும், சத்தியம் பண்ணினது வரைக்கும். என் வாய் இருக்கே...

17 பிப்ரவரி 2023, வெள்ளி
பணம் வந்தது. பாக்கி முழுசும் கட்டிவிட்டேன். வீடு தங்கியது.
சாயங்காலம் உஷாராணி, மகள் வளைகாப்புக்கு அழைக்க வந்தாள். இந்த பிளாட்டில் யார் வளைகாப்பு என்றாலும், மூத்த சுமங்கலி என்று முதல் வளையல் நான்தான் போடுவேன்.
"முதல் வளையலுக்கு என் நாத்தனார் வர்றாங்கக்கா. நீங்க ரெஸ்ட்டா உட்காருங்க லா."
"அதுக்கென்ன, எனக்கும் முட்டி வலி"ன்னேன்.

19 பிப்ரவரி, ஞாயிறு
வளைகாப்புக்குப் போய் வந்தேன். ஃபேன் பக்கத்தில் நாற்காலி கிடைத்தது. நல்ல காற்று.