பாதி வானத்தில் அணைந்த வெளிச்சம்

பிப்ரவரி 9

அத்தை வீடு, திருப்பரங்குன்றம். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அப்பாவின் லோடு வேன் கவிழ்ந்து நான்கு நாள் ஆகிறது. ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. அம்மா அங்கேயே இருக்கிறாள்.

பொழுது சாய்ந்ததும் துணி எடுக்க மாடிக்குப் போனேன். மலைக்கு மேலே ஒரு வெளிச்சம். சிமிட்டாமல், சத்தமில்லாமல் நகர்ந்தது. பாதி வானத்தில் மங்கி – அணைந்துவிட்டது.

நட்சத்திரம் விழுந்தால் ஓர் உயிர் போகும் என்பார்கள். பார்த்தவர் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பலித்துவிடும். இருட்டில் எந்த மரம் பச்சை? வேம்பு கறுப்பாகத்தான் நின்றது.

பிப்ரவரி 10

இன்றும் வந்தது. இன்றும் அணைந்தது.

பிப்ரவரி 11

அம்மா போன் பண்ணினாள். "டாக்டரு, பிள்ளையக் கூட்டியாந்து பேச வைக்கச் சொல்றாரு. வாடி அஸ்வினி." வயிற்று வலி என்று பொய் சொன்னேன். நான் வாயைத் திறந்து, அது வெளியே வந்துவிட்டால்?

"பெத்த அப்பனப் பாக்கப் போகச் சொன்னா வயிறு வலிக்குதாக்கும்" என்றாள் அத்தை.

நான் ஏன் மேல பாத்தேன்? எனக்கு மட்டும் ஏன் தெரியணும்?

பிப்ரவரி 12

மாடியில் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றேன். அத்தை மகள் தமிழ்வாணி பார்த்துவிட்டாள். "பேயப் பாத்தியா, இல்ல நீயே பேயா?" விரலை மட்டும் நீட்டினேன். விரல் காட்டுவது சொன்னதில் சேராது.

"அடி லூசு, அது சேட்டிலைட்டு."

"அப்ப ஏன் அணையுது?"

"அதுல ஏதுடி லைட்டு? நமக்குத்தான் பொழுது அடஞ்சிருச்சு. அம்புட்டு உசரத்துல இன்னும் வெயிலு அடிக்குது, அதுலதான் மின்னுது. போகப் போக பூமியோட நெழலுக்குள்ள நொழஞ்சிரும். அணையல. ஓடிக்கிட்டேதான் இருக்கு."

"திரும்ப வெளிய வருமா?"

"விடியக்காலைல வந்து பாரு."

பிப்ரவரி 14

நேற்று விடியலில் ஒன்றும் தெரியவில்லை. இன்று விடியுமுன், வெறும் வானத்தின் நடுவில் ஒரு வெளிச்சம் முளைத்துக் கிழக்கே நடந்தது.

முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பாவின் முகம் வீங்கியிருந்தது. அணைந்தது, நிழல், ஓடிக்கொண்டேயிருப்பது – எல்லாவற்றையும் காதுக்குள் சொன்னேன். அவர் அசையவில்லை.

சொல்லிட்டேன். இனி என்ன ஆகும்?

பிப்ரவரி 15

தூக்கமில்லை. போன் அடித்தாலே அத்தையின் முகத்தைப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 19

நேற்று அப்பா கண் திறந்தார். இன்று பேச்சு வந்தது. தண்ணீர் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா... அது வெளிய வந்துருச்சா?"