மணலில் நிற்காத வண்டி

சேசு மரி சூசை துணை

ஆம்பூர்,
1934, நவம்பர் 11, ஞாயிறு.

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் இருதயராஜ் அவர்களுக்கு,

ஆரோக்கியசாமி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும், உங்கள் தங்கை அன்னம்மாளும், குழந்தை சௌந்தரமும் சுகமாயிருக்கிறோம். கடல் கடந்து ரங்கூனில் இருக்கும் உங்கள் சுகத்துக்காகப் பூசைதோறும் வேண்டிக்கொள்கிறோம்.

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. மோட்டார் சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடும்படியும், வாங்க ஆளில்லாவிட்டால் பாலாற்றில் தள்ளிவிடும்படியும் எழுதியிருந்தீர்கள். மன்னிக்க வேண்டும், இரண்டையுமே நாங்கள் செய்யவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு தாள் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

இங்கே மழை நன்றாகப் பிடித்திருக்கிறது. பதனிட்ட தோல் காயவில்லை. தொழிற்சாலையில் முதலாளி ஹாஜியார் வானத்தைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருக்கிறார். ஆனால் மனிதர் தங்கமானவர். அன்னம்மாளைப் பிரசவத்துக்குக் கூப்பிட ஆள் வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், கணக்கை மூடிவிட்டுப் புறப்படு என்று அவரே சொல்லிவிடுவார்.

நீங்கள் கப்பலேறிய பிறகு உங்கள் வண்டி மாட்டுக்கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடந்தது. சம்பூர்ணம் அண்ணிக்கு ஆனதை நினைத்து, அந்தப் பக்கம் போகவே எனக்கு மனம் வராது. போன வருஷம் ஆஸ்பத்திரியில் அன்னம்மாளைச் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போய்ப் பிரசவம் பார்க்கச் சொன்னார்கள். அன்று மாலையே அவள் சாக்கை இழுத்துப் போட்டாள். "அண்ணன் வண்டி சும்மா துரு புடிச்சி நிக்குது. நான் நடந்தே போய் யாரைக் காப்பாத்தறது?" என்றாள். நான் ஓட்டப் பழகினேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியோடு பொருத்திய பக்கத்துப் பெட்டியில் ஏறிக்கொண்டாள். முதல் நாள் கடைத்தெரு முழுக்க வெளியே வந்து நின்று பார்த்தது. அவள் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வண்டியின் குணம் உங்களுக்குத் தெரியும். பெங்களூர் ரோட்டில் விட்டால் சீறிக்கொண்டு போகும். வேகத்தைக் குறைத்தால் தும்மும், இழுக்கும், விடும், கடைசியில் நின்றுவிடும். இதற்குப் பயந்து கடைத்தெருவில்கூட நான் மெதுவாகப் போவதில்லை. அதனால் இரண்டு கோழிகள் செத்தன, ஒரு ஜட்கா வண்டிக்காரர் என் வம்சத்தையே திட்டினார்.

மோட்டார் வேலை பார்க்கும் ஆபித் பாஷாவிடம் கொண்டுபோனேன். கெட்டிக்காரர். தீப்பொறி வரும் பிளக்கைச் சுரண்டினார், பெட்ரோல் வரும் ஊசித் துளையை ஊதிச் சுத்தம் செய்தார், பொறிக்கு மின்சாரம் தரும் மாக்னெட்டோவைத் திறந்து துடைத்தார். இரண்டு நாள் சரியாக இருந்தது போலத் தோன்றியது, பிறகு பழைய கதைதான். "ஜாஸ்தி வேகத்துல ஒழுங்கா ஓடுது, கம்மி பண்ணா பேஜார் பண்ணுது. எனக்கும் இன்னான்னு புரியல. நிறுத்தாம ஓட்டிக்கினே போங்க," என்று கையை விரித்துவிட்டார்.

ஆகஸ்டு மாதம் அக்கரை ஊரிலிருந்து அழைப்பு வந்தது. ஆறு வறண்டு கிடந்தது. மணலில் மெதுவாகத்தானே போக முடியும்? நடு ஆற்றில் வண்டி நின்றுவிட்டது. நான் உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். அன்னம்மாள் இறங்கி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்த வெயிலில் மணலில் நடந்தே போய்ப் பிரசவம் பார்த்துவிட்டு வந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் திரும்பி வந்தவள் வண்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் அப்படியே நின்றாள். மச்சான், அவள் எந்த நாளை நினைத்தாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பெற்ற சம்பூர்ணம் அண்ணியை இதே பெட்டியில் படுக்க வைத்து, அன்னம்மாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த, அண்ணியை நாம் இழந்த அன்றும், வண்டி இதே மணலில்தான் நின்றது.

மறு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், வண்டியை முற்றத்தில் கிளப்பி வைக்கச் சொன்னாள். அவளிடம் ஒரு மரக்குழல் இருக்கிறது. தாய் வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் குழல். அதன் ஒரு முனையை இஞ்சின் மேல் அங்கங்கே வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பிரசவ அறையில் அவள் எப்படி இருப்பாள் என்று அன்றுதான் நான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, உதடு லேசாகப் பிரிந்து, உலகத்தில் வேறெதுவும் இல்லாதவள் போல இருந்தாள்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இஞ்சினோடு சேரும் இணைப்பில் குழலை வைத்தவள் கையைத் தூக்கினாள். "இங்க ஒரு மூச்சு கேக்குது. இருக்கக்கூடாத மூச்சு," என்றாள். விளக்கெண்ணெய் கொண்டுவந்து அந்த இணைப்பைச் சுற்றி ஊற்றினாள். மச்சான், நம்புங்கள், எண்ணெய் உள்ளே இழுபடும் வரை இஞ்சின் தும்மலை விட்டு ஒரே சீராக ஓடியது. பிறகு மறுபடி தும்மியது.

நீங்கள் ஃபிட்டர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இணைப்புக்கு நடுவில் இருந்த வாஷர் மயிரிழை அளவு வெடித்திருந்தது. அந்தத் திருட்டு வழியில் காற்று நுழைந்தது. வேகமாகப் போகும்போது இஞ்சின் இழுக்கும் காற்று ஏராளம், அதில் இது தெரியாது. மெதுவாகப் போகும்போதோ இந்தக் கொஞ்சமே பெரிய பங்காகி, பெட்ரோலின் சத்தைக் குறைத்துவிடுகிறது.

புது வாஷருக்குப் பட்டணம் போக வேண்டாம், தோலூரில் இருந்துகொண்டு தோலுக்கா பஞ்சம் என்றேன். முதலில் தடித்த மாட்டுத்தோலை வெட்டி வைத்தேன். இறுக்கியதும் கோணிக்கொண்டது, மூச்சு முன்னைவிட அதிகமாயிற்று. அன்னம்மாள் சிரிக்கவில்லை, இன்னும் மெல்லிசா வேணும் என்று மட்டும் சொன்னாள். பதமான ஆட்டுத்தோலைக் காகிதம் போலச் சீவி, விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு வைத்தேன். அது அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டது. ஆபித் பாஷா வந்து கேட்டுவிட்டு, வாய்விட்டுச் சிரித்து, "மாஷா அல்லா, இஞ்சினுக்கே நாடி பாத்துட்டாங்களே!" என்றார். இப்போது கடைத்தெருவில் அவரே எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். போன மாதம் அக்கரையிலிருந்து பச்சையப்பன் என்ற கூலிக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர் மனைவி எல்லம்மாவுக்குக் காலையில் பிள்ளை பிறந்து, ரத்தம் நிற்கவில்லை. நாங்கள் போனபோது அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அன்னம்மாள் வயிற்றை அழுத்திப் பிடித்துப் பெருக்கைக் கட்டுப்படுத்தினாள். கையை எடுத்தால் மறுபடி ஊற்றுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், குலுங்கவும் கூடாது.

எல்லம்மாவைப் பெட்டியில் சாய்த்துப் படுக்க வைத்தோம். ஊர்க்காரர்கள் முன்னால் ஓடி ஓடி மணலில் பனையோலையும் வைக்கோலும் பரப்பினார்கள். அன்னம்மாள் வண்டியில் ஏறவில்லை. பெட்டிக்குள் குனிந்து, எல்லம்மாவின் வயிற்றில் அழுத்திய கையை எடுக்காமல், வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தாள். அவள் நடைக்கு நான் வண்டியை ஓட்ட வேண்டும். எருமை நடக்கும் வேகம். அந்த நடு ஆற்றுக்கு வந்தபோது என் கண் இஞ்சின் மேலேயே இருந்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நிக்காது. நீங்க முன்னாடி பாத்து ஓட்டுங்க," என்றாள்.

நிற்கவில்லை, மச்சான். ஒரு தும்மல் இல்லை. ஓரமாக ஓடிய தண்ணீரில் அவள் முழங்கால் வரை நனைந்து நடந்தாள், கை அசையவே இல்லை. பின்னால் பச்சையப்பன் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அக்கரை முழுவதும் கரையில் நின்று பார்த்தது. 

ஆஸ்பத்திரி வாசலில்தான் அவள் கையை எடுத்தாள். விரல்கள் மடங்க மறுத்தன. டாக்டரம்மா அந்தக் கையைத் தன் கையில் வாங்கித் தேய்த்துவிட்டார்கள். எல்லம்மா பிழைத்து, போன வியாழக்கிழமை தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனாள்.

எல்லம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று வீட்டுக்கு வந்ததும் அன்னம்மாள் உங்களுக்கு எழுதச் சொன்னதை அவள் வாயால் வந்தபடியே எழுதுகிறேன். "அண்ணன் வண்டி நின்னதத்தான் நெனச்சி நெனச்சி உருகுது. அண்ணிக்கு ரத்தம் உள்ளயே போயிட்டிருந்துது. மணல்ல எறங்கறதுக்கு முன்னாடியே கை சில்லுனு ஆயிடுச்சி. புடிச்சிக்கினு இருந்தவ நானு. வண்டி பறந்து வந்திருந்தாலும்..." அதற்கு மேல் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். உன் அண்ணனைத் தேற்றத்தான் சொல்கிறாயா என்று நான் பின்னாலேயே போய்க் கேட்டேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. பிரசவ விஷயத்தில் நான் பொய் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை. ஒருநாளும் இல்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன். அண்ணன் யாரையும் பேசவிடாமல் கப்பலேறிவிட்டாரே என்றாள்.

உங்கள் மகள் சௌந்தரத்துக்கு இப்போது நான்கு வயது. சாயலில் அண்ணிதான், பிடிவாதத்தில் நீங்கள். அன்னம்மாளை அத்தை என்றும் என்னை மாமா என்றும் கூப்பிடுகிறாள். எங்களுக்குப் பிள்ளையில்லை என்று பார்த்தவர்கள், அம்மா அப்பா என்றே கூப்பிடப் பழக்கினால் என்ன என்று கேட்டார்கள். அன்னம்மாள் சம்மதிக்கவில்லை. நானும் சம்மதிக்கவில்லை, ஆசை இல்லாமல் அல்ல. அப்பா என்ற சொல்லை இந்த வீட்டில் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம்.

சேசு பிறந்த திருநாளுக்குள் கப்பல் ஏறிவிடுங்கள். சர்வேசுரன் உங்களைக் கரை சேர்க்கட்டும். ஸ்டேஷனில் உங்கள் விரலைப் பிடித்துக்கொள்ள சௌந்தரத்துக்கு வெட்கமாக இருக்கும். நீங்களே முதலில் கையை நீட்டுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அன்பு மைத்துனன்
ஆரோக்கியசாமி