கதவைத் தட்டும் காட்சி

சென்னை
12.08.2008

அன்புள்ள அம்மாவுக்கு வினோஜா எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கட கால்வீக்கம் வத்திட்டா?

இப்ப ஒரு திகில் படத்தில நடிகைக்கு உடுப்பு எடுத்துக் குடுக்கிற வேலை. முந்தி பயம் காட்டச் சுவரில நிழலும் பெரிய மியூசிக்கும் போடுவாங்களாம். இப்ப சத்தமே இல்லாம, கமராவை முகத்துக்குக் கிட்ட வைச்சு எடுக்கிறாங்க. நேற்று நடிகை வரப் பிந்தினதால, வெளிச்சம் சரியோ எண்டு பார்க்க அவட இடத்தில என்னை இருத்தினாங்க. ஒருத்தர் வெளியில நிண்டு கதவைத் தட்டினார். நான் திரும்பிப் பார்த்தன். அதைக் கமராவில எடுத்திட்டாங்க.

“எங்கம்மா நடிக்கக் கத்துக்கிட்டே?” எண்டு டைரக்டர் கேட்டார்.

“இல்ல சார், சும்மாதான் பார்த்தன்” எண்டன்.

தம்பி லக்சனைச் சண்டைக்குக் கேட்டு ஆக்கள் துவக்கோட வந்து தட்டின அண்டைக்கு நீங்க கதவைப் பார்த்த பார்வை அது, அம்மா. நடிகைக்கு அதைப் போட்டுக் காட்டினாங்க. அவ எத்தனையோ தரம் செய்தும் சரிவரல்ல.

கொஞ்சம் நெத்தலிக் கருவாடு அனுப்புங்க, இங்க வாங்கினது வாயில வைக்க ஏலாது. லக்சன் இன்னும் காரைதீவில சின்னம்மா வீட்டிலதானே? ஞாயிற்றுக்கிழமை போன்ல கோல் எடுக்கன். அவனை ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்க. “அக்கா” எண்டாலே போதும்.

சூட்டிங் வேன் வந்திட்டு.

மகள் வினோஜா